எழுபத்திரண்டில் ஒன்று: போர் விமான மாதிரியும் விகிதப் பாடமும்

ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும் நடத்தும்போது, நிலவரைபடத்தின் அளவையைத்தான் வழக்கமாக எடுத்துக்காட்டாகச் சொல்வேன். கையில் பிடித்து அளந்து பார்க்கும் பொருள் ஒன்று இருந்தால் பாடம் இன்னும் நன்றாகப் பதியும் என்று தோன்றியது. கடைத்தெருவில் ஒரு பொம்மை விமானம் கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போன்ற உருவம். "அசல் மாதிரி" என்று கடைக்காரர் சொன்னார். வாங்கி வந்து வகுப்பில் வைத்தேன்.

ஸ்பிட்ஃபயர் முதல் வகையின் உண்மை அளவுகளைக் கரும்பலகையில் எழுதினேன். இறக்கையின் நுனிக்கு நுனி 11.23 மீட்டர். மூக்கிலிருந்து வால் வரை 9.12 மீட்டர். பொம்மையை அளந்து, உண்மை விமானம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இறக்கையை அளந்த குழுவுக்கு 17 செ.மீ. கிடைத்தது, 1123-ஐ 17 ஆல் வகுத்து 66 என்றார்கள். நீளத்தை அளந்த குழுவுக்கு 12 செ.மீ.; 912-ஐ 12 ஆல் வகுத்து 76 என்றார்கள். இரண்டு குழுக்களும் "நீங்கதான் தப்பா அளந்துட்டீங்க" என்று சண்டை பிடித்தன. நானே அளந்து பார்த்தேன். இருவர் அளந்ததும் சரிதான். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அப்போ விமானம்தான் தப்பு, டீச்சர்" என்றாள்.

அன்று நான் போட்டிருந்த பாடத்திட்டம் பாழாயிற்று. ஆனால் அந்த மாணவி சொன்னதுதான் விகிதசமத்தின் சாரம். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே விகிதம் வந்தால்தான் அது அளவை மாதிரி. இல்லையென்றால் அது வெறும் பொம்மை. அதன் பிறகு முறையான மாதிரிக் கிட் ஒன்றை வாங்கத் தீர்மானித்தேன். வாங்குவதற்கு முன் நான் தெரிந்துகொண்டவற்றை, இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த விமானம்?

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் பூசும் பிளாஸ்டிக் கிட்களைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானின் தமியா, ஹசேகவா, ஜெர்மனியின் ரெவெல், செக் நாட்டின் எட்வார்ட் ஆகியவை தெரிந்த பெயர்கள். இவற்றில் இரண்டாம் உலகப்போர்ப் போர் விமானங்களே அதிகம்.

வகுப்பறைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? உண்மை அளவுகள் தெளிவாகப் பதிவாகியிருக்கும் விமானமாக, வரலாற்றுப் பாடத்தோடும் இணைவதாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு விமானங்கள் பொருத்தமாகத் தெரிந்தன: ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன். இரண்டும் பிரிட்டிஷ் விமானங்கள். இரண்டிலும் ஒரே இயந்திரம், ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின். 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை பிரிட்டன் வானில் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த போரில் எண்ணிக்கையில் அதிகம் இருந்தவை ஹரிக்கேன்கள்தாம். புகழ் பெற்றதோ ஸ்பிட்ஃபயர். ஹரிக்கேன் நம் பக்கத்துக்கும் வந்த விமானம். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்களை எதிர்த்துப் பறந்தவை ஹரிக்கேன்கள். பர்மாப் போர்முனையில் இந்திய விமானப்படையினரும் அதை ஓட்டினார்கள்.

நான் ஸ்பிட்ஃபயரை எடுத்தேன். அதன் நீள்வட்ட வடிவ இறக்கையை ஒரு முறை பார்த்த குழந்தை மறக்காது. வேகத்துக்காக இறக்கை மெலிதாக இருக்க வேண்டும். அதற்குள் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரங்களும் அடங்கவும் வேண்டும். இரண்டு தேவைகளுக்கும் விடையாக அமைந்த வடிவம் அது. வடிவமைப்புக் குழுவின் தலைவர் ஆர். ஜே. மிட்செல். முதல் விமானம் 1936 மார்ச் 5-ஆம் தேதி பறந்தது. அடுத்த ஆண்டே, 42 வயதில், அவர் புற்றுநோயால் இறந்துபோனார். தம் விமானம் போரில் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

எந்த அளவை?

பெட்டியின் மேல் 1/72, 1/48, 1/32, 1/24 என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். அது இல்லாத பெட்டியைத் தொட வேண்டாம். என் பொம்மை விமானத்தின் பெட்டியில் அந்த எண் இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

72, 48 என்ற எண்கள் ஏன் வந்தன என்று பிள்ளைகள் கேட்பார்கள். 100, 50 என்று இருந்தால் எளிதல்லவா? காரணம் அடியும் அங்குலமும். ஓர் அடிக்கு 12 அங்குலம். 6 அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 72-ல் ஒன்று. 4 அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 48-ல் ஒன்று. 2 அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 24-ல் ஒன்று. ஆறடி உயர மனிதன் 72-ல் ஒன்று அளவையில் ஓர் அங்குலம் இருப்பான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

ஸ்பிட்ஃபயரின் இறக்கை வீச்சு ஒவ்வோர் அளவையிலும் இப்படி வரும்:

1/72 அளவையில் 15.6 செ.மீ.
1/48 அளவையில் 23.4 செ.மீ.
1/32 அளவையில் 35.1 செ.மீ.
1/24 அளவையில் 46.8 செ.மீ.

பெரிய மாதிரி வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் என்று ஆசை வரும். ஆனால் 72-லிருந்து 48-க்குப் போனால் நீளம் 1.5 மடங்கு, பரப்பு 2.25 மடங்கு, கன அளவு 3.375 மடங்கு ஆகிறது. பாகங்களும் பொதுவாகக் கூடும். விலையும் வேலை நேரமும் கூடவே ஏறும். குழுவுக்கு ஒன்றாக இரண்டு மூன்று சிறிய மாதிரிகள் இருப்பது, மேசை மேல் தொடக்கூடாத பெரிய மாதிரி ஒன்று இருப்பதைவிட மேல். பிள்ளைகள் அளக்க வேண்டும் என்றால் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் ஏதாவது உடையும். உடைந்தால் மனம் பதறாத விலையில் இருப்பதே வகுப்பறைக்கு ஏற்றது. அதனால் 1/72 போதும் என்பது என் கருத்து.

எந்த வகை?

ஸ்பிட்ஃபயர் என்பது ஒரே விமானம் அல்ல. 20,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன; பல ஆண்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆங்கிலத்தில் "மார்க்" என்று எண்ணிட்டு வகை பிரித்தார்கள். 1940-இல் பெரும்பாலும் பறந்தது மார்க் 1: மூன்று இதழ் புரொப்பல்லர், இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், வலது இறக்கையின் அடியில் ஒரு பெரிய ரேடியேட்டர், இடது இறக்கையின் அடியில் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான். பின்னால் வந்த மார்க் 9-க்கு நான்கு இதழ். இரண்டு இறக்கைகளின் அடியிலும் ஒரே அளவு ரேடியேட்டர். மார்க் 14-க்கு இயந்திரமே வேறு. ஐந்து இதழ் புரொப்பல்லர்.

பெட்டியின் படத்தையும் பெயரையும் மட்டும் பார்க்காமல் மார்க் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எந்த மார்க்கோ அதற்குரிய அளவுகளைத்தான் கரும்பலகையில் எழுத வேண்டும். மார்க் 9 மாதிரியை வைத்துக்கொண்டு மார்க் 1-இன் நீளத்தை எழுதினால் விகிதம் சரியாக வராது. பிள்ளைகள் தங்கள் அளவீடுதான் தவறு என்று நினைத்துவிடுவார்கள்.

அச்சு எப்போது செய்யப்பட்டது?

இதை நான் அறிந்திருக்கவில்லை. கிட்டின் பெட்டி புதிதாக இருக்கும். உள்ளே இருக்கும் பாகங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த அச்சில் வார்த்தவையாக இருக்கும். பழைய அச்சில் பொருத்தம் சரியாக இல்லாமல் இடைவெளி விழலாம். உலோகத் தகடுகள் சேரும் கோடுகள் பழைய கிட்கள் பலவற்றில் மேலே புடைத்து நிற்கும். புதியவற்றில் பெரும்பாலும் உள்ளே பதிந்திருக்கும். வாங்கும் முன் "இது புதிய அச்சா" என்று கேட்பது நல்லது.

அந்தக் கோடுகளே ஒரு கணக்காகும். மாதிரியில் கோட்டின் அகலம் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 72 ஆல் பெருக்கினால் 14.4 மி.மீ. உண்மை விமானத்தில் தகடுகளுக்கு நடுவே ஒன்றரை செ.மீ. பள்ளம் இருக்குமா? இருக்காது. இறக்கையின் பின் விளிம்பு மாதிரியில் அரை மி.மீ. தடிமன் என்றால் உண்மையில் 36 மி.மீ. ஆக, மிகச் சிறந்த மாதிரியிலும் சில இடங்களில் விகிதம் உடைகிறது. பிளாஸ்டிக்கை அதற்கு மேல் மெலிதாக வார்ப்பது கடினம். நிலவரைபடத்தில் சாலையின் அகலம் அளவைப்படி இருக்காது என்பதை இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

எந்தக் குறியீடு?

கிட்டோடு, நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள் ஒன்று வரும். படைப்பிரிவின் எழுத்துகளும் வட்டச் சின்னங்களும் அதில் இருக்கும். எந்தப் படைப்பிரிவின் விமானமாகச் செய்வது என்று பல கிட்களில் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கே நமக்கு ஒரு தொடர்பு உண்டு. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பேரரசின் பல பகுதிகளிலிருந்து விமானங்களுக்காக நன்கொடை திரட்டினார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று பெயரளவில் ஒரு விலை வைத்திருந்தார்கள். பெரும் நன்கொடை தந்த இடங்களின் பெயரைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டினார்கள். பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு "மெட்ராஸ் பிரசிடென்சி" என்ற பெயர் இருந்தது. இவற்றுள் 234 ஸ்குவாட்ரன் 1940-இல் ஸ்பிட்ஃபயர்களை ஓட்டியது. இதைச் சொன்னபோது, "நம்ம ஊரு காசுல வாங்கினதா டீச்சர்?" என்று கேட்டார்கள். ஆட்சி செய்தவர்கள் தொடுத்த போருக்கு, ஆளப்பட்டவர்களிடமிருந்து பணம் போயிற்று. அதில் விரும்பிக் கொடுத்தவர் யார், கொடுக்க வேண்டியிருந்தவர் யார் என்பதைப் பத்தாம் வகுப்பில் விவாதமாக வைக்கலாம்.

இன்னொரு செய்தி. பிரிட்டிஷ் விமானச் சின்னத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருக்கும். இந்தியா, பர்மா பகுதியில் பறந்த விமானங்களில் அந்தச் சிவப்பை நீக்கிவிட்டு நீல நிறங்களை மட்டும் வைத்தார்கள். ஜப்பானிய விமானத்தின் சின்னம் சிவப்பு வட்டம் என்பதால் தவறுதலாகத் தம் விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பதே காரணம். கிட்டில் எந்தச் சின்னம் இருக்கிறது என்பதைக் கொண்டே அது பறந்த இடத்தைப் பிள்ளைகள் ஊகிக்க முடியும்.

கட்டும்போது

பாகங்களை வெட்டும் கத்தி ஆசிரியர் கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசையின் ஆவி நல்லதல்ல. சன்னல்களைத் திறந்து வைத்து, அந்த வேலையையும் ஆசிரியரே செய்வது நலம். பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட்களும் கிடைக்கின்றன. சிறு வகுப்புகளுக்கு அவையே ஏற்றவை. நான் மதிய இடைவேளைகளில் சிறிது சிறிதாகச் செய்தேன். வரைபடத்தைப் படித்து அடுத்த பாகத்தின் எண்ணைச் சொல்வது பிள்ளைகளின் வேலை. தமிழ் வாசிக்கத் திணறும் ஒரு மாணவன் அந்த வரைபடத்தை என்னைவிட விரைவாகப் படித்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

வகுப்பில் செய்தவை

முதலில் பழைய சோதனையையே மீண்டும் செய்தோம். இறக்கை 15.6 செ.மீ.; நீளம் 12.7 செ.மீ. இரண்டையும் வகுத்தபோது விடை 72-ஐ ஒட்டியே வந்தது. சண்டை இல்லை. பழைய பொம்மையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். தவறான மாதிரியும் பாடத்துக்குப் பயன்பட்டது.

இரண்டாவது, மைதானத்தில் உண்மை அளவில் வரைந்தோம். மாதிரியின் ஒவ்வொரு பகுதியையும் அளந்து 72 ஆல் பெருக்கி, அளவு நாடாவும் கோலமாவும் கொண்டு தரையில் கோடு போட்டார்கள். இறக்கையின் அடிப்பகுதி அகலம் மாதிரியில் 3.5 செ.மீ.; தரையில் இரண்டரை மீட்டர். இதற்குக் கிட்கூடத் தேவையில்லை. அளவுகளோடு கூடிய ஒரு படம் இருந்தாலே போதும்.

மூன்றாவது, எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கானது. நீளம் 72-ல் ஒன்று என்றால் கன அளவு 72 × 72 × 72, அதாவது 3,73,248-ல் ஒன்று. பறக்கத் தயாரான ஸ்பிட்ஃபயரின் எடை சுமார் 2,600 கிலோ. அதை அந்த எண்ணால் வகுத்தால் 7 கிராம்தான். எங்கள் மாதிரி அதைவிடக் கனமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "உண்மை விமானத்தோட தகடு இவ்வளவு தடியா இருக்காதே, டீச்சர்" என்றாள் முன்பு சொன்ன அதே மாணவி.

நான்காவது, மாதிரியைத் தாழ்வாரத்தின் ஒரு முனையில் பிடித்து, 10 மீட்டர் தள்ளி நின்று பார்த்தோம். அப்போது அது 720 மீட்டர் தொலைவில் இருக்கும் உண்மை விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். வடிவொத்த முக்கோணங்களுக்கு இது நல்ல செயல்பாடு. இது என் கண்டுபிடிப்பும் அல்ல. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, கல்வித் துறையின் வழியாக, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரக் கேட்டது. மரத்தில், 1/72 அளவையில், 50 வகைகள். வானில் வருவது யாருடைய விமானம் என்று பார்த்தவுடன் சொல்வதற்கு வீரர்களைப் பயிற்றுவிக்க அவை பயன்பட்டன. 35 அடி தொலைவில் வைத்த மாதிரி, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் உள்ள விமானம்போல் தெரியும். 35-ஐ 72 ஆல் பெருக்கினால் 2,520 அடி. அரை மைல் 2,640 அடி.

இதைப் படித்தபோது எனக்குச் சற்று உறுத்தியது. அங்கேயும் என்னைப் போன்ற ஆசிரியர்கள்தாம் மேற்பார்வை பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் துல்லியமாக அளந்து செதுக்கிய பொருள், யாரைச் சுட வேண்டும், யாரைச் சுடக் கூடாது என்று கற்பிக்கப் போயிற்று.

போரைப் பற்றி

மைதானத்தில் வரைந்த அன்று, விமானி உட்காரும் இடத்தில் ஒரு மாணவனை நிறுத்தினோம். "இவ்வளவுதான் இடமா?" என்றான். "துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் 300 குண்டு, விடாமல் சுட்டால் ஏறத்தாழ 15 நொடியில் தீர்ந்துவிடும்" என்றேன். சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டு, "இதுல உக்காந்தவருக்கு என்ன வயசு, டீச்சர்?" என்று கேட்டான். பலருக்கு இருபதை ஒட்டிய வயது என்றேன். "எங்க அண்ணன் வயசு" என்றான்.

அதன்பின் கணக்கை நிறுத்திவிட்டேன். 1940-இல் அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் பறந்தவர்கள் 2,900-க்கும் அதிகம். அவர்களில் 544 பேர் அந்த மாதங்களிலேயே இறந்தார்கள். எதிர்த் தரப்பிலும் இதே வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். கீழே நகரங்களில் குண்டு விழுந்து இறந்தவர்கள் விமானத்தில் ஏறாதவர்கள். இவ்வளவையும் மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். போர் விமானத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தது சரியா என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். கொண்டுவந்துவிட்டு, அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு என்று இப்போது நினைக்கிறேன். 72-ல் ஒன்றாகச் சுருக்கும்போது விமானம் அழகாகிவிடுகிறது. அதை மீண்டும் உண்மை அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும்போதுதான் உள்ளே ஓர் ஆள் இருந்தார் என்பது தெரிகிறது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

பெட்டியில் அளவை எண் இருக்கிறதா என்று பாருங்கள். மார்க் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வகையின் உண்மை அளவுகளை முன்கூட்டியே தேடி எழுதி வையுங்கள். புதிய அச்சா என்று கேளுங்கள். குறியீட்டுத் தாளில் எந்தப் படைப்பிரிவு, எந்த நாடு, எந்த ஆண்டு என்று பாருங்கள். வகுப்புக்குப் போகும் முன் இறக்கையையும் நீளத்தையும் நீங்களே அளந்து வகுத்துப் பாருங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டாலும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். பிள்ளைகளிடம் கொடுத்து, ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

கோலமாவு விமானம் அடுத்த மழை வரை எங்கள் மைதானத்தில் இருந்தது. காலை வழிபாட்டுக்கு வரிசையாக வரும்போது, விமானி உட்காரும் இடத்தை மட்டும் மிதிக்காமல் பிள்ளைகள் சுற்றிப் போனார்கள். அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை.